லூயி ஷெவர்லே: தனது பெயரை விற்றுவிட்ட சுவிஸ் பந்தய வீரர்

அமெரிக்க மோட்டார் கார்களின் வரலாற்றில் 1957 முதல் 1959 வரையிலான மூன்று ஆண்டுகள் தனித்து நிற்பவை. விமானத்தின் வாலைப் போல எழும்பி நின்ற பின்புறச் சிறகுகள், கண்ணைக் கூசவைக்கும் குரோமிய முலாம், ஒரே காரில் இரு வண்ணப் பூச்சு என அக்காலக் கார்கள் அணிந்திருந்த ஆடம்பரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தக் கார்களில் உலகம் அதிகமாக நினைவில் வைத்திருப்பது 1957ஆம் ஆண்டின் ஷெவர்லே பெல் ஏர். அதன் முகப்பில் பொறிக்கப்பட்டிருந்த பெயர் ஒரு சுவிஸ் குடும்பத்தின் பெயர். அந்தப் பெயருக்கு உரியவரான லூயி ஷெவர்லே அந்தக் காரைப் பார்த்ததில்லை. அது சந்தைக்கு வருவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். தனது பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் இறுதிக்காலத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இருக்கவில்லை.

ஒரு கார் எப்படி ஓட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்த ஒருவரின் பெயர், ஒரு கார் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்ற போட்டியின் அடையாளமாக மாறியது எவ்வாறு என்பதே அவரது வாழ்க்கைக் கதையின் மையம்.

கடிகார நகரில் பிறப்பு

லூயி ஜோசஃப் ஷெவர்லே 1878ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் மாநிலத்தில் உள்ள லா ஷோ-து-ஃபோன் நகரில் பிறந்தார். ஜூரா மலைகளில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் அமைந்த இந்த நகரம் கடிகாரத் தொழிலுக்காகவே வாழ்ந்த நகரம். 1794ஆம் ஆண்டு ஏற்பட்ட பெருந்தீக்குப் பிறகு நேர்கோட்டுத் தெருக்களுடன் அது மீண்டும் கட்டப்பட்டது. கடிகாரத் தொழிலாளர்களின் மேசைகளுக்குப் பகல் வெளிச்சம் கிடைக்கும் வகையில் அமைந்த அதன் வீடுகளும் வீதிகளும் 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

இதே நகரில்தான் 1887ஆம் ஆண்டு, பின்னாளில் லெ கொர்புசியே என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரும் பிறந்தார். இந்தியாவின் சண்டிகர் நகரை வடிவமைத்தவர் அவர். கடிகாரங்களின் மேலுறையில் சித்திரம் செதுக்கும் பயிற்சியுடன் தொழிலைத் தொடங்கிய அவர், 1923ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பழங்காலக் கிரேக்கக் கோயில்களின் படங்களுக்கு அருகே மோட்டார் கார்களின் படங்களை வைத்து, வடிவம் எவ்வாறு படிப்படியாகச் செம்மை பெறுகிறது என்று விளக்கினார். ஒரே சிறு நகரம், காரின் வடிவத்தைப் பற்றிச் சிந்தித்த ஒருவரையும் காரின் இயந்திரத்தைப் பற்றிச் சிந்தித்த ஒருவரையும் சில ஆண்டு இடைவெளியில் உலகுக்கு அளித்தது எனலாம்.

லூயியின் தந்தை கடிகாரத் தொழிலாளி. சிறுவனாக இருந்தபோதே நுட்பமான பாகங்களைப் பொருத்தும் பழக்கம் மகனுக்குத் தந்தையிடமிருந்து வந்தது. ஆனால் அக்காலம் சுவிஸ் கடிகாரத் தொழிலுக்குச் சோதனைக் காலம். அமெரிக்காவில் பெரிய ஆலைகளில் இயந்திரங்களைக் கொண்டு தயாரிக்கப்பட்ட கடிகாரங்கள், வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் கையால் வேலை செய்துவந்த ஜூரா தொழிலாளர்களின் பிழைப்பை உலுக்கின. லூயிக்கு ஏறத்தாழ எட்டு வயதாக இருந்தபோது அவரது குடும்பம் எல்லையைக் கடந்து, பிரான்சில் திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்ற பர்கண்டி பிரதேசத்தின் போன் என்ற ஊரில் குடியேறியது.

பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்கு

போன் நகரில் ஒரு சைக்கிள் பட்டறையில் லூயி வேலைக்குச் சேர்ந்தார். பழுதுபார்ப்பதோடு நில்லாமல் சைக்கிள் பந்தயங்களிலும் கலந்துகொண்டு பரிசுகளை வென்றார். மது வணிகர்களுக்குப் பயன்படும் ஒரு பம்பை அவர் இளவயதிலேயே வடிவமைத்தார் என்றும் கூறப்படுகிறது. பின்னர் பாரிஸ் சென்று, டாராக் என்ற கார் தயாரிப்பாளரிடம் பணியாற்றி, உள் எரி இயந்திரங்களின் நுணுக்கங்களைக் கற்றார்.

1900ஆம் ஆண்டு அவர் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குக் கப்பலேறினார். அங்கு சாரதியாகவும் மெக்கானிக்காகவும் சில மாதங்கள் வேலை செய்த பின் நியூயார்க் சென்றார். பிரெஞ்சு நிறுவனமான டி டியோன்-பூட்டோனின் அமெரிக்கக் கிளையிலும், பின்னர் ஃபியட் கார்களுடனும் அவரது வாழ்க்கை இணைந்தது. தம்பிகள் ஆர்தரும் காஸ்தோனும் அவரைத் தொடர்ந்து அமெரிக்கா வந்து சேர்ந்தனர். முதலில் ஒருவர் போய்ச் சேர்ந்து, பின்னர் உடன்பிறந்தோரை ஒவ்வொருவராக அழைத்துக்கொள்ளும் வழக்கம் புலம்பெயர்ந்த தமிழர்களுக்குப் புதிதல்ல.

1905ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கின் மோரிஸ் பார்க் திடலில் நடைபெற்ற பந்தயத்தில் ஃபியட் கார் ஒன்றை ஓட்டிய லூயி, ஒரு மைல் தூரத்தை 52.8 விநாடிகளில் கடந்தார். அக்காலத்தின் மிகப் பிரபலமான பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை முந்திய இந்த அந்நிய இளைஞரின் பெயர் உடனடியாகப் பத்திரிகைகளில் இடம்பிடித்தது. அதே ஆண்டில் அவருக்குத் திருமணமும் நடந்தது.

அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் இருக்கைப் பட்டியும் கிடையாது, தலைக்கவசமும் கிடையாது. லூயி பலமுறை விபத்துகளில் சிக்கி மருத்துவமனைகளில் கிடந்தார். ஆயினும் 1909ஆம் ஆண்டில் பியூக் காரை ஓட்டி, இண்டியானா மாநிலத்தின் கிரவுன் பாயிண்டில் நடைபெற்ற கோப் கோப்பை நெடுந்தூரப் பந்தயத்தில் வெற்றி பெற்றார். அந்த பியூக் நிறுவனத்தின் பின்னால் இருந்தவர்தான் லூயியின் வாழ்க்கையைத் திசைதிருப்பிய வில்லியம் டியூரண்ட்.

டியூரண்டுடன் கூட்டு

குதிரை வண்டித் தயாரிப்பில் செல்வம் சேர்த்த டியூரண்ட், 1908ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். அளவுக்கு மீறி நிறுவனங்களை வாங்கிக் குவித்ததால் கடனில் சிக்கிய அவரை, 1910ஆம் ஆண்டு வங்கியாளர்கள் நிர்வாகத்திலிருந்து வெளியேற்றினர். இழந்ததை மீட்க அவருக்கு ஒரு புதிய கார் தேவைப்பட்டது. அந்தக் காருக்கு மக்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு பெயரும் தேவைப்பட்டது. பந்தயத் திடல்களில் புகழ்பெற்றிருந்த லூயியின் பெயர் அதற்குப் பொருத்தமாக இருந்தது.

1911ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டெட்ராய்ட் நகரில் ஷெவர்லே மோட்டார் கார் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. லூயி வடிவமைத்த முதல் கார் கிளாசிக் சிக்ஸ் என்று அழைக்கப்பட்டது. ஆறு சிலிண்டர்களும் 4.9 லிட்டர் கொள்ளளவும் கொண்ட இயந்திரம், ஐந்து பேர் அமரக்கூடிய உடல், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் என அது தரமான காராக அமைந்தது. அதன் விலை 2,150 டாலர். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரின் விலையைவிட இது மூன்று மடங்குக்கும் அதிகம்.

இருவருக்கும் இடையிலான பிளவு இந்த விலையிலிருந்தே தொடங்கியது. ஃபோர்டுடன் மோதக்கூடிய மலிவான கார் டியூரண்டுக்கு வேண்டியிருந்தது. தனது பெயரைத் தாங்கும் கார் மலிவாக இருக்கக் கூடாது என்பது லூயியின் நிலைப்பாடு. எப்போதும் உதட்டில் சிகரெட்டுடன் காணப்பட்ட லூயியிடம், நிறுவனத் தலைவர்களுக்குச் சுருட்டுதான் பொருத்தம் என்று டியூரண்ட் சொன்னதாகவும், பெயரை வாங்கியவர் புகைக்கும் பழக்கத்தையும் மாற்ற முயல்கிறாரே என்று லூயி சினமடைந்ததாகவும் ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதை எவ்வாறிருந்தாலும், முரண்பாட்டின் வேர் காரின் தன்மையைப் பற்றியது.

1913ஆம் ஆண்டில் லூயி நிறுவனத்தைவிட்டு விலகினார். பின்னர் தனது பங்குகளையும் விற்றுவிட்டார். பெயர் மட்டும் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. அதன் பிறகு டியூரண்ட் 490 என்ற மாதிரியை வெளியிட்டார். அந்த எண் அதன் டாலர் விலையைக் குறித்தது. அந்தக் காரின் வெற்றியால் ஷெவர்லே பங்குகள் பெருமதிப்புப் பெற, அவற்றைக் கொண்டே 1916ஆம் ஆண்டில் டியூரண்ட் ஜெனரல் மோட்டார்ஸைத் திரும்பக் கைப்பற்றினார். 1918ஆம் ஆண்டில் ஷெவர்லே அந்தப் பெருநிறுவனத்தின் ஒரு பிரிவாகியது. லூயி தன் பங்குகளை விற்காமல் இருந்திருந்தால் பெருஞ்செல்வந்தராகியிருப்பார்.

வேறு பெயரில் வெற்றி

கார்களில் தனது சொந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை லூயிக்கு இருக்கவில்லை. எனவே தான் தொடங்கிய புதிய நிறுவனத்துக்கு, வட அமெரிக்காவின் பழைய பிரெஞ்சுக் குடியேற்றத்தை ஆண்ட ஆளுநர் ஒருவரின் பெயரான ஃப்ரொன்டெனாக் என்பதைச் சூட்டினார்.

இந்தக் காலகட்டத்தில்தான் பொறியியல் துறையில் அவரது மிகச் சிறந்த பணிகள் நிகழ்ந்தன. இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவர் நான்கு முறை ஓட்டினார். 1919ஆம் ஆண்டில் ஏழாவதாக வந்ததே அவரது சிறந்த இடம். ஆனால் அவர் உருவாக்கிய கார்கள் அவரைவிட வேகமாக ஓடின. 1920ஆம் ஆண்டு அவர் வடிவமைத்த மன்ரோ காரை ஓட்டி இளைய தம்பி காஸ்தோன் அந்தப் பந்தயத்தை வென்றார். 1912ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கு அமெரிக்கக் கார் ஒன்று வெற்றி பெற்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு டாமி மில்டன் ஓட்டிய ஃப்ரொன்டெனாக் காரும் வென்றது.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வெற்றி பெற்ற அதே 1920ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் பந்தயத் திடலில் நிகழ்ந்த விபத்தில் காஸ்தோன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு 28 வயது. தம்பியின் மரணம் லூயியின் பந்தய வாழ்க்கையையும் முடித்துவைத்தது.

ஃப்ரொன்டெனாக் நிறுவனமும் நிலைக்கவில்லை. ஒரு காலத்தில் தன் எதிராளியாக இருந்த ஃபோர்டின் மாடல் டி இயந்திரத்தைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு மாற்றும் சிலிண்டர் தலைகளைத் தயாரித்து லூயி பிழைத்தார். 1929ஆம் ஆண்டில் ஆர்தருடன் சேர்ந்து விமான இயந்திரத் தயாரிப்பில் இறங்கினார். அதே ஆண்டில் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அந்த முயற்சியை விழுங்கியது. சகோதரர்களுக்கு இடையே மனக்கசப்பும் மூண்டது.

இறுதியில் 1930களின் நடுப்பகுதியில், தனது பெயர் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்த டெட்ராய்ட் ஆலைக்கே லூயி சம்பளத்துக்கு வேலை செய்யச் சென்றார். 1934ஆம் ஆண்டில் மூத்த மகனை இழந்தார். பின்னர் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவு அவரை முடக்கியது. 1941ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி டெட்ராய்ட்டில் அவர் காலமானார். அவரது உடல் இண்டியானாபொலிஸ் நகரில், தம்பி காஸ்தோன் உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. டியூரண்டின் முடிவும் சிறப்பானதல்ல. 1920ஆம் ஆண்டில் மீண்டும் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், 1936ஆம் ஆண்டில் திவாலாகி, 1947ஆம் ஆண்டில் வறுமையில் இறந்தார்.

தோற்றமே சரக்கான காலம்

அவர்கள் இருவரும் விட்டுச்சென்ற நிறுவனம், இருவரும் எண்ணிப்பாராத ஒரு பாதையில் வளர்ந்தது. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைக்கு வந்த ஆல்ஃபிரட் ஸ்லோன், ஒரே காரை ஆண்டுக்கணக்கில் மாற்றமின்றி விற்ற ஃபோர்டின் முறையைக் கைவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் தோற்றத்தை மாற்றி, பழைய கார் பழையது என்ற எண்ணத்தை உரிமையாளரின் மனதில் ஏற்படுத்துவதே அவரது வழி. அடிப்படியில் ஷெவர்லே, உச்சியில் கேடிலாக் என விலையின் அடிப்படையில் ஓர் ஏணியையும் அவர் அமைத்தார்.

1927ஆம் ஆண்டில் ஹார்லி எர்லின் தலைமையில் காரின் தோற்றத்துக்கென்றே தனிப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. கலிஃபோர்னியாவில் பெருஞ்செல்வந்தர்களுக்குத் தனிப்பட்ட முறையில் கார் உடல்களைச் செய்துகொடுத்தவர் எர்ல். கார் நீளமாகவும் தாழ்வாகவும் தெரிய வேண்டும் என்பதே அவரது வாழ்நாள் கொள்கை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் பி-38 ரகப் போர் விமானத்தின் இரட்டை வாலைக் கண்டு கவரப்பட்ட அவரது குழுவினர், 1948ஆம் ஆண்டின் கேடிலாக் காரின் பின்புறத்தில் இரண்டு சிறு மேடுகளை அமைத்தனர். அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கா முழுவதையும் ஆட்கொண்ட வால் சிறகின் தொடக்கம் அதுவே.

1957: மூன்று வால்கள்

1957ஆம் ஆண்டில் சாதாரண மக்களுக்கான மூன்று பெரிய கார்களை அருகருகே நிறுத்தினால், அந்தப் போட்டி தெளிவாக விளங்கும்.

ஷெவர்லே பெல் ஏரின் சிறகு குட்டையானது, செங்குத்தானது. பின்புறப் பக்கவாட்டில் ஆப்பு வடிவில் ஓர் அலுமினியத் தகடும், முகப்பில் பொன்னிறப் பட்டைகளும், பானட்டின் மேல் ராக்கெட் போன்ற இரண்டு அணிகளும் அதற்கு இருந்தன. எரிபொருள் ஊற்றும் வாய் இடதுபுறச் சிறகின் குரோமிய விளிம்புக்குள் மறைத்துவைக்கப்பட்டிருந்தது. ஆனால் இந்த அலங்காரம் அனைத்தும் 1955ஆம் ஆண்டில் அறிமுகமான உடலின் மேல் பூட்டப்பட்டது. புதிய உடல் உரிய நேரத்தில் தயாராகாததால், மூன்றாவது ஆண்டாகவும் பழைய உடலையே ஒப்பனை செய்து அனுப்ப வேண்டிய நிலை.

கிரைஸ்லர் நிறுவனத்தின் பிளிமவுத் முற்றிலும் வேறு வகை. அதை வடிவமைத்த வெர்ஜில் எக்ஸ்னர் கூரையைப் பல அங்குலம் தாழ்த்தினார். சிறகைத் தனி அணியாக ஒட்டாமல், காரின் நடுப்பகுதியிலேயே தொடங்கும் ஒரு கோடு பின்னோக்கி உயர்ந்து சிறகாக முடியும்படி அமைத்தார். கார் நிற்கும்போதே பாய்வது போன்ற தோற்றம் அதற்கு இருந்தது. ஃபோர்டு காரோ சிறகை வெளிப்புறம் சாய்த்து, அதன் கீழே பெரிய வட்ட விளக்கைப் பொருத்தி, நடுவழியில் சென்றது.

அன்றைய வாடிக்கையாளர்களுக்கு ஷெவர்லே சற்றுப் பழையதாகவும் உயரமாகவும் தெரிந்தது. அந்த மாதிரி ஆண்டில் ஃபோர்டு ஏறத்தாழ 16.7 லட்சம் கார்களையும், ஷெவர்லே ஏறத்தாழ 15 லட்சம் கார்களையும் தயாரித்தன. பிளிமவுத்தின் அழகோ அவசரத் தயாரிப்பால் பாதிக்கப்பட்டது. துருவும் பொருத்தக் குறைகளும் அதன் நற்பெயரைக் கெடுத்தன.

காலம் இந்தத் தீர்ப்பை மாற்றி எழுதியது. இன்று மூன்றிலும் அதிகமாகப் போற்றப்படுவது பெல் ஏர்தான். அளவான நீளமும் கட்டுக்கோப்பான உடலும் அதற்கு ஒரு காரணம். பானட்டுக்கு அடியில் இருந்தது மற்றொரு காரணம். அதன் 283 கன அங்குல வி-8 இயந்திரம், எரிபொருளை உட்செலுத்தும் கருவியுடன், 283 குதிரைத் திறனை அளித்தது. ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரைத் திறன் என்ற அந்தக் கணக்கு பந்தய வீரர்களின் கவனத்தை ஈர்த்தது. அதே 1957ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பந்தயங்களிலிருந்து விலகிக்கொள்வதாக உடன்பட்டனர் என்பது ஒரு முரண்.

விலையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டில் பெல் ஏர் ஒன்றின் அடிப்படை விலை ஏறத்தாழ 2,300 டாலர். லூயியின் கிளாசிக் சிக்ஸ் விற்கப்பட்ட 2,150 டாலருக்கு இது மிக நெருங்கிய தொகை. ஆனால் இடைப்பட்ட 45 ஆண்டுகளில் டாலரின் வாங்கும் சக்தி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. லூயி விரும்பிய தரமான, வேகமான, கம்பீரமான கார், டியூரண்ட் விரும்பிய விலையில் கிடைத்தது. இருவரும் எதன் பொருட்டுப் பிரிந்தார்களோ, அது இருவரும் இல்லாத காலத்தில் ஒரே காரில் ஒன்றுசேர்ந்தது.

1959: எல்லை மீறிய சிறகுகள்

எக்ஸ்னரின் கார்கள் ஜெனரல் மோட்டார்ஸுக்கு அதிர்ச்சி அளித்தன. 1956ஆம் ஆண்டின் கோடையில் அந்நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர் ஒருவர் கிரைஸ்லர் ஆலையின் வேலி வழியாகப் புதிய பிளிமவுத் கார்களைப் பார்த்துவிட்டுச் சக பணியாளர்களை அழைத்துவந்து காட்டினார். 1959ஆம் ஆண்டுக்காகத் தயாராகியிருந்த வரைபடங்கள் ஒதுக்கப்பட்டு, எல்லாம் புதிதாக வரையப்பட்டன.

அதன் விளைவாக வந்த 1959ஆம் ஆண்டின் ஷெவர்லே இம்பாலாவின் சிறகுகள் மேல்நோக்கி எழாமல் பக்கவாட்டில் விரிந்தன. பறக்கும் வௌவாலின் இறக்கைகளை ஒத்த அவற்றின் கீழே கண்ணீர்த்துளி வடிவ விளக்குகள் இருந்தன. அதே ஆண்டின் கேடிலாக்கில் சிறகுகள் வரலாற்றிலேயே மிக உயரமாக எழுந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு துப்பாக்கிக் குண்டு வடிவ விளக்குகளைத் தாங்கின. அந்தக் காரின் நீளம் பதினெட்டரை அடிக்கும் அதிகம்.

1957ஆம் ஆண்டின் பெல் ஏரில் அலங்காரம் காருக்கு அடங்கியிருந்தது. 1959ஆம் ஆண்டில் கார் அலங்காரத்துக்கு அடங்கிப்போனது. சிறகுகள் காற்றில் காருக்கு நிலைத்தன்மை தருவதாக கிரைஸ்லர் கூறினாலும், சாதாரண வேகத்தில் அவற்றால் குறிப்பிடத்தக்க பயன் இருக்கவில்லை. கூர்மையான விளிம்புகள் பாதசாரிகளுக்கு ஆபத்தானவை என்ற குற்றச்சாட்டை 1965ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் தனது நூலில் முன்வைத்தார். அதற்கு முன்பே 1958ஆம் ஆண்டின் பொருளாதாரத் தேக்கமும், ஐரோப்பியச் சிறு கார்களின் வரவும் மக்களின் மனதை மாற்றத் தொடங்கியிருந்தன. ஹார்லி எர்ல் 1958ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றார். 1961ஆம் ஆண்டின் ஷெவர்லே கார்களில் சிறகுகள் இல்லை.

சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிய பெயர்

லூயி தனது வாழ்வின் பெரும்பகுதியை அமெரிக்காவில் கழித்தார். ஆனால் அவரது பெயர் அவர் உயிருடன் இருந்தபோதே பிறந்த மண்ணுக்குத் திரும்பியிருந்தது. 1930களின் பெருமந்தத்தில் சுவிஸ் கடிகாரத் தொழில் மீண்டும் நிலைகுலைந்தது. அதனால் வேலையின்மை மிகுந்த பீல் நகரம், தன் செலவில் ஒரு தொழிற்சாலையைக் கட்டி ஜெனரல் மோட்டார்ஸை அழைத்தது. 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு முதல் கார் பூட்டி முடிக்கப்பட்டது.

ஷெவர்லே குடும்பத்தை ஜூரா மலையிலிருந்து வெளியேறச் செய்த காலம் கடிகாரத் தொழிலின் நெருக்கடிக் காலம். அந்தப் பெயரைத் தாங்கிய கார்கள் லா ஷோ-து-ஃபோனிலிருந்து சில மணி நேரங்கூடத் தேவைப்படாத தொலைவில் உருவாகக் காரணமாக இருந்ததும் அதே தொழிலின் மற்றொரு நெருக்கடி. 1975ஆம் ஆண்டில் மூடப்படும் வரை பீல் ஆலையில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கார்கள் பூட்டப்பட்டன. மறுபுறம், ஆர்காவ் மாநிலத்தின் ஷின்ஸ்நாக்-பாட் ஊரில் 1949 முதல் 1972 வரை பிளிமவுத் உள்ளிட்ட கிரைஸ்லர் கார்கள் பூட்டப்பட்டன. டெட்ராய்ட்டில் நடந்த ஷெவர்லே, பிளிமவுத் போட்டி, சுவிஸ் தொழிலாளர்களின் கைகளாலும் நடத்தப்பட்டது. அங்கு பூட்டப்பட்டவை என்ற முத்திரை சுவிஸ் வாடிக்கையாளர்களுக்குத் தரத்தின் அடையாளமாக விளங்கியது.

தமிழர்களின் வீதிகளிலும் இந்த நாகரிகத்தின் எதிரொலி கேட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாயில் ஷெவர்லே கார்களைப் பூட்டத் தொடங்கி, 1950களின் நடுப்பகுதியில் வெளியேறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் 1957ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பெரிய அமெரிக்கக் கார்கள் இந்தியாவில் அரிதாகவே காணப்பட்டன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் உடல் மாறிய அதே காலத்தில் பிறந்த அம்பாசிடர், பெரிய தோற்ற மாற்றமின்றி 2014ஆம் ஆண்டுவரை ஓடியது. ஆனால் பிரீமியர் பத்மினி என்று பின்னர் பெயர்பெற்ற ஃபியட் காரின் பின்புறத்தில் இருந்த சிறு மேடுகளும், யாழ்ப்பாணத்து வீதிகளில் பல பத்தாண்டுகள் உழைத்த ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்களின் கூரிய வால்களும், டெட்ராய்ட்டில் தொடங்கிய அந்த நாகரிகத்தின் வழிவந்தவையே.

பெயரும் மனிதரும்

ஷெவர்லே கார்களின் முகப்பில் 1913ஆம் ஆண்டு முதல் இடம்பெறும் கழுத்துப்பட்டை வடிவச் சின்னத்துக்கும் பல விளக்கங்கள் உண்டு. பாரிஸ் விடுதி ஒன்றின் சுவர்த்தாளில் டியூரண்ட் அந்த வடிவத்தைக் கண்டார் என்பது ஒன்று. சுவிஸ் கொடியிலுள்ள சிலுவையைச் சாய்த்து வரைந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தை சுவிஸ் மக்கள் விரும்புவதில் வியப்பில்லை.

இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலின் அருங்காட்சியகத்தருகே அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. ஷெவர்லே கார்களின் விற்பனை இந்தியாவில் 2017ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டபோதும், அமெரிக்கச் சந்தையில் அந்தப் பெயர் நூறாண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது.

லூயி ஷெவர்லே கடிகாரத் தொழிலாளியின் மகனாக, உள்ளே இருப்பது சரியாக இருந்தால் போதும் என்று நம்பினார். வெளியே தெரிவதைக் கொண்டே மக்கள் வாங்குவார்கள் என்பதை அவருக்குப் பின் வந்தவர்கள் அறிந்திருந்தனர். சிறகுகள் மூன்றே ஆண்டுகளில் நாகரிகத்திலிருந்து விழுந்தன. 1957ஆம் ஆண்டின் பெல் ஏரைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள் என்றால், அதன் சிறகுக்காக மட்டுமின்றி அதன் இயந்திரத்துக்காகவும்தான். அந்த அளவில், விற்றுவிட்ட பெயரில் அவரது பங்கு முற்றிலும் தீர்ந்துபோகவில்லை எனலாம்.